விழுவதற்கு முன் ஒரு படம்

ஒவ்வொரு பருவமழைக்கும் நம் பத்திரிகைகளில் ஒரு புகைப்படம் தவறாமல் வரும். மலைச்சாலை. நடுவே செம்மண் குவியல். அதில் வேரோடு சாய்ந்த ஒரு மரம். பக்கத்தில் பொக்லைன். குடை பிடித்த அதிகாரிகளுக்கு நடுவே ஒரு மந்திரி, கையை நீட்டி எதையோ காட்டிக்கொண்டிருப்பார். போன வருடப் படத்தை எடுத்துத் தேதியை மட்டும் மாற்றிப் போட்டாலும் நமக்கு வித்தியாசம் தெரியாது.

இது மலை விழுந்த பிறகு எடுத்த படம். அதே மலையை, விழுவதற்கு முன்னால், மேலிருந்து எடுத்த படம் எங்கே? இந்த வாரம் நான் கேட்க நினைப்பது இந்த ஒரு கேள்விதான். 'போட்டோ எடுத்தால் மலை நின்றுவிடுமா' என்று சிரிக்காதீர்கள். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

2024 ஜூலை 16. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டம், அங்கோலா தாலுகா, ஷிரூர். ஒரு பக்கம் மலை. மறுபக்கம் கங்காவளி ஆறு. நடுவே தேசிய நெடுஞ்சாலை 66. சாலையோரம் ஒரு டீக்கடை. ராத்திரியெல்லாம் வண்டி ஓட்டி வந்த லாரிக்காரர்கள் நிறுத்தி இளைப்பாறும் இடம். காலை நேரத்தில் மலை இறங்கி வந்தது. கடையை, அதை நடத்திய குடும்பத்தை, நின்றிருந்த வண்டிகளை அடித்துக்கொண்டு ஆற்றுக்குள் போனது. மண் விழுந்த வேகத்தில் ஆற்றுத் தண்ணீர் எகிறி எதிர்க்கரையில் இருந்த வீடுகளையும் தாக்கியது. செத்தவர்களில் தமிழ்நாட்டு லாரி டிரைவர்களும் உண்டு. கேரள டிரைவர் ஒருவரின் லாரியை ஆற்றுக்கு அடியிலிருந்து வெளியே எடுத்தபோது தேதி செப்டம்பர் 25. வண்டிக்குள்ளேயே இருந்தார் அவர். இரண்டு மாதத்துக்கு மேல் ஒரு குடும்பம் டி.வி. முன்னால் உட்கார்ந்து காத்திருந்தது.

அந்தத் தேடுதலுக்கு ராணுவம் வந்தது. கடற்படை வந்தது. மண்ணுக்கும் தண்ணீருக்கும் அடியில் இருக்கும் இரும்பைக் கண்டுபிடிக்கும் கருவியோடு டிரோனும் வந்தது. நல்ல விஷயம்தான். ஆனால் டிரோன் வந்த நேரத்தைக் கவனியுங்கள். புதைந்த லாரியைத் தேடுவதற்கு வந்தது. அந்த மலையை அளப்பதற்கு எப்போதாவது வந்ததா?

இதை நான் வம்புக்குக் கேட்கவில்லை. தேசிய நெடுஞ்சாலை ஆணையம் 2021-ல் ஓர் உத்தரவு போட்டது. திட்டமிடும்போதும், சாலை போடும்போதும், போட்டு முடித்துப் பராமரிக்கும்போதும் மாதாமாதம் டிரோன் மூலம் வீடியோ எடுத்தே ஆக வேண்டும். அதை ஆணையத்தின் கம்ப்யூட்டர் களஞ்சியத்தில் ஏற்ற வேண்டும். போன மாத வீடியோவோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். எதற்காக? வேலை எவ்வளவு முடிந்தது என்று பார்க்க. பின்னால் கான்ட்ராக்டரோடு தகராறு வந்தால், நடுவர் மன்றத்திலும் கோர்ட்டிலும் சாட்சியாகக் காட்ட. இதுவும் அந்த அறிவிப்பிலேயே இருக்கிறது.

ஆக, பணத் தகராறுக்கு சாட்சி வேண்டும் என்று யோசிக்கத் தெரிந்திருக்கிறது. சாலைக்கு மேலே நிற்கும் மலையும் ஒரு பார்ட்டிதான், அதோடும் நாளைக்குத் தகராறு வரும் என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. ஷிரூர் மலையை மாதாமாதம் எடுத்திருந்தால் அந்தப் படங்கள் எங்கே? எடுக்கவில்லை என்றால் உத்தரவு எதற்கு?

ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிடுகிறேன். நிலச்சரிவு என்று பொதுவாகச் சொல்கிறோமே, அதில் பல வகை. பாறை உருண்டு விழுவது ஒன்று. சரிவு அப்படியே கீழே உட்காருவது ஒன்று. மலைச்சாலைகளுக்குப் பெரிய எமன் மூன்றாவது வகை. மழையில் ஊறிய மண், பாறை, மரம் எல்லாம் கலந்து, கலவை மெஷினிலிருந்து கொட்டும் ஈர கான்கிரீட் மாதிரி, ஓடைப் பள்ளம் வழியாக ஓடிவருவது. கேரளத்தில் 'உருள்பொட்டல்' என்பார்கள். வெறும் வெள்ளம் என்றால் பாறையைச் சுற்றிக்கொண்டு போகும். இது பாறையையே சுமந்துகொண்டு வரும். வழியில் கிடைக்கும் மண்ணையெல்லாம் சேர்த்துக்கொண்டு பருத்துக்கொண்டே வரும்.

இதில் முக்கியமான விஷயம், இது புறப்படும் இடம் வேறு, சாவு விழும் இடம் வேறு. 2024 ஜூலை 30, வயநாடு. சாட்டிலைட் படங்களை வைத்து இஸ்ரோவின் தேசியத் தொலையுணர்வு மையம் சொன்ன கணக்கு இது: சரிவு தொடங்கிய இடம் கடல் மட்டத்திலிருந்து 1,550 மீட்டர் உயரத்தில். பெயர்ந்த பரப்பு 86,000 சதுர மீட்டர். அது ஆற்றோடு சேர்ந்து ஓடிய தூரம் சுமார் 8 கிலோமீட்டர். முண்டக்கைக்குப் போகும் சூரல்மலைப் பாலம் அடித்துக்கொண்டு போனது. ராணுவம் இரும்புப் பாலம் போட்ட பிறகுதான் பெரிய வண்டிகள் அக்கரைக்குப் போக முடிந்தது. பாலத்தின் மேல் நின்று நாள் முழுக்க வீடியோ எடுத்திருந்தாலும் 1,550 மீட்டர் உயரத்தில் நடப்பது அதில் விழுந்திருக்காது. ஆனால் மேலிருந்து எடுத்த படத்தில் இன்னொன்று தெரிந்தது. அதே இடத்தில் ஏற்கெனவே ஒரு பழைய சரிவின் தழும்பு இருந்தது!

நம் சாலைத்துறையின் எல்லை எதுவரை? சாலை, அதன் இரு ஓரம், வெட்டின சுவர். ஆங்கிலத்தில் 'ரைட் ஆஃப் வே' என்பார்கள். அதற்கு மேலே காட்டிலாகா. அதற்குப் பக்கத்தில் எஸ்டேட். ஓடை வருவாய்த் துறையுடையது. ஆறு நீர்வளத் துறையுடையது. ஆளுக்கொரு கோடு போட்டுப் பங்கு பிரித்திருக்கிறோம். மலையிலிருந்து இறங்கும் சேறு யாரிடமும் என்.ஓ.சி. வாங்குவதில்லை.

இப்போது அந்தப் படத்துக்கு வருகிறேன்.

ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோத்துப் பாருங்கள். தடுமாறும். இரண்டு கண்ணும் கொஞ்சம் வேறு வேறு கோணத்தில் பார்ப்பதால்தான் தூரம், ஆழம் நமக்குப் புரிகிறது. விமானப் படத்தை வைத்து நிலத்தை அளப்பதும் இதே வித்தைதான். போட்டோகிராமெட்ரி என்று பெயர். விமானமோ டிரோனோ வரிசையாகப் பறந்து, ஒரு படத்தின் பெரும்பகுதி அடுத்த படத்திலும் வருகிற மாதிரி எடுத்துக்கொண்டே போகும். ஒரே பாறை பத்துப் படத்தில், பத்துக் கோணத்தில் இருக்கும். கம்ப்யூட்டர் அந்தக் கோணங்களை வைத்து அந்தப் பாறை எங்கே, எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று கணக்குப் போடும். இப்படி லட்சக்கணக்கான புள்ளிகள். தரையில் முன்பே துல்லியமாக அளந்து வைத்த அடையாளங்களோடு பொருத்தினால் முழு மலையும் முப்பரிமாணத்தில் கைக்கு வந்துவிடும்.

இதுவரை வெறும் அழகான படம்தான். நிஜமான உபயோகம் இரண்டாவது முறை பறக்கும்போதுதான். மழைக்கு முன் ஒரு தடவை, மழைக்குப் பின் ஒரு தடவை எடுத்து, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் எங்கே மண் போயிருக்கிறது, எங்கே வந்து சேர்ந்திருக்கிறது என்பது தெரியும். மலைக்கு ஒரு பாஸ்புக் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேல் சரிவில் பற்று; நடு ஓடையில் வரவு. ஓடைப் பள்ளத்தில் வருடா வருடம் மண்ணும் கல்லும் வரவாகிக்கொண்டே இருந்தால், ஏதோ ஒரு பெருமழையில் அது மொத்தமாகக் கீழே இறங்கலாம். சாலைக்கு அடியில் இருக்கும் சின்னக் குழாய்ப் பாலம் அதைத் தாங்குமா என்பதை அந்த மழைக்கு முன்னாலேயே கணக்குப் போடலாம்.

இது அறிவியல் புனைகதை இல்லை. அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் பிக் சர் கடற்கரையில் மாநில நெடுஞ்சாலை 1 இருக்கிறது. ஒரு பக்கம் செங்குத்து மலை, மறுபக்கம் பசிபிக் கடல். அங்கே அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறை சிறு விமானத்திலிருந்து திரும்பத் திரும்பப் படமெடுத்து அளக்கிறது. 2017 மே 20 அன்று மட் க்ரீக் என்ற இடத்தில் மலை சாலையைக் கால் மைல் நீளத்துக்குப் புதைத்துவிட்டுக் கடலுக்குள் போனது. பழைய விமானப் படங்களையும் சாட்டிலைட் ரேடார் பதிவுகளையும் எடுத்து அளந்து பார்த்தார்கள். மலை அன்றைக்குத் திடீரென்று புறப்படவில்லை. பல வருடமாக மெல்ல நகர்ந்துகொண்டிருந்திருக்கிறது. அசைவு கண்ணுக்கே தெரிய ஆரம்பித்ததும் சாலைப் பணியாளர்களை முன்கூட்டியே வெளியே அழைத்துவிட்டதால், அந்தப் பிரம்மாண்ட சரிவில் ஓர் உயிர்கூடப் போகவில்லை. சாலையைத் திரும்பப் போட 5 கோடி டாலருக்கு மேல் செலவானது. பணம்தானே, போகட்டும்.

அதே சாலையில் 2021 ஜனவரியில் ராட் க்ரீக் என்ற ஓடை. முந்தைய வருடம் அதன் மேலே காடு எரிந்திருந்தது. எரிந்த மலையில் மழை பெய்தால் சேறு இறங்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். புயலுக்கு முன்பே சாலையை மூடினார்கள். இறங்கி வந்த சேறும் மரமும் சாலைக்கு அடியில் இருந்த நீர்வழியை அடைத்தன. தண்ணீர் சாலை மேல் ஏறி, சுமார் 150 அடி நீளத்துக்குச் சாலையையே தின்றுவிட்டது. ஏப்ரலில் மறுபடி திறந்துவிட்டார்கள்.

அவர்கள் எல்லாம் தேவர்கள், நாம் எல்லாம் அசுரர்கள் என்று சொல்ல வரவில்லை. அதே கலிஃபோர்னியாவில், 2018 ஜனவரி 9 அன்று மான்டெசிட்டோவில், எச்சரிக்கை கொடுத்தும்கூட இதே மாதிரி சேற்றுப் பாறை வெள்ளத்தில் 23 பேர் செத்துப்போனார்கள். 101-ம் நெடுஞ்சாலை ஏறக்குறைய இரண்டு வாரம் மூடிக்கிடந்தது. வரைபடம் மட்டும் உயிரைக் காப்பாற்றாது, அதைப் பார்த்து முடிவெடுக்கும் ஆளும் வேண்டும் என்பதற்கு அது உதாரணம்.

இன்னொரு சுவாரஸ்யமான கதை. கென்னத் ஏடல்மன், கேப்ரியல் ஏடல்மன் என்ற தம்பதி ஹெலிகாப்டரில் போய் கலிஃபோர்னியாவின் கடற்கரையைப் படமெடுத்து, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று வெளியிட்டார்கள். அந்த ஆயிரக்கணக்கான படங்களில் ஒன்றில் பிரபல பாடகி பார்பரா ஸ்ட்ரெய்சாண்டின் பங்களா தெரிந்தது. 2003-ல் அவர் 5 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார். வழக்கு தள்ளுபடியானது. அதோடு முடியவில்லை. அந்தத் தம்பதியின் படங்களை வைத்தே கடலோரப் பாறைச் சரிவுகள் எவ்வளவு கரைந்திருக்கின்றன என்று அளக்கும் முறையை விஞ்ஞானிகள் பின்னால் உருவாக்கினார்கள். படம் பொதுவில் இருந்தது. அதனால் எடுத்தவரே நினைத்துப் பார்க்காத ஒரு வேலைக்கு அது பயன்பட்டது.

நம் ஊரில் கதை நேர்மாறு. இங்கே விமானப் படம் என்றாலே பல காலம் பாதுகாப்பு அமைச்சகத்தின் அனுமதி, முத்திரை, பூட்டிய பீரோ. கடற்கரைக்குப் பக்கத்து ஊர்களின் நல்ல வரைபடம்கூட ஆராய்ச்சி மாணவனுக்குக் கிடைக்காது. 2021 பிப்ரவரியில்தான் மத்திய அரசு விதிகளைத் தளர்த்தியது. இந்தியர்கள், இந்திய நிறுவனங்கள் முன் அனுமதி இல்லாமல் வரைபடம் தயாரிக்கலாம் என்றது. அதே வருடம் டிரோன் விதிகளும் எளிதாயின. பூட்டைத் திறந்துவிட்டார்கள். ஆனால் பீரோவுக்குள் மலை இல்லை!

திறமை இல்லையா? இருக்கிறது. 2020-ல் தொடங்கிய 'ஸ்வாமித்வா' திட்டத்தில் கிராமத்து வீடுகளுக்குச் சொத்து அட்டை கொடுப்பதற்காக, இந்திய நில அளவைத் துறை நாடு முழுக்க 3 லட்சத்துக்கு மேற்பட்ட கிராமங்களை டிரோனால் படமெடுத்திருக்கிறது. சென்டிமீட்டர் கணக்கில் துல்லியம். நான் மேலே சொன்ன அதே போட்டோகிராமெட்ரிதான். என் வீட்டுத் திண்ணைக்கும் பக்கத்து வீட்டுச் சுவருக்கும் இடையில் உள்ள இடைவெளியை அளக்கத் தெரிந்த நாட்டுக்கு, கொண்டை ஊசி வளைவுக்கு மேலே இருக்கும் ஓடையை அளக்கத் தெரியாதா?

பிரச்னை மனசில் இருக்கிறது. 2022-ன் தேசிய புவியிடக் கொள்கையைப் பாருங்கள். 2030-க்குள் நாடு முழுக்க உயர வரைபடம் தயாராகுமாம். சமவெளிக்கு 25 சென்டிமீட்டர் துல்லியம். மலைப் பகுதிக்கு? 1 முதல் 3 மீட்டர்! மலையை அளப்பது கஷ்டம், செலவு அதிகம் என்பது எனக்கும் புரிகிறது. ஆனால் விழப்போவது சமவெளியா, மலையா? மூன்று மீட்டர் பிசகலாம் என்று அனுமதித்துவிட்டால், ஓர் ஆள் உயரத்துக்கு மண் நகர்ந்தாலும் கணக்கில் வராது.

"அதான் ஏற்கெனவே நிலச்சரிவு வரைபடம் இருக்கே சார்" என்று ஓர் அதிகாரி சொல்வார். உண்மை. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை பல வருடம் உழைத்து, நிலச்சரிவுக்கு வாய்ப்புள்ள சுமார் 4.3 லட்சம் சதுர கிலோமீட்டரை வரைபடமாக்கியிருக்கிறது. பெரிய காரியம், மரியாதை செய்ய வேண்டியது. ஆனால் அதன் அளவு 1:50,000. அதாவது காகிதத்தில் ஒரு சென்டிமீட்டர் என்றால் தரையில் அரை கிலோமீட்டர். ஒரு கொண்டை ஊசி வளைவு அதில் எறும்பு அளவுகூட இருக்காது. எந்த மாவட்டம், எந்தத் தாலுகா ஆபத்து என்று அது சொல்லும். எந்தப் பாலத்துக்கு மேலே, எந்தப் பள்ளத்தில், எவ்வளவு மண் காத்திருக்கிறது என்று சொல்லாது. அது ஜாதகம். நான் கேட்பது ஸ்கேன் ரிப்போர்ட்.

"காட்டு மரம் மறைக்குமே, படத்தில் தரை எப்படித் தெரியும்?" நியாயமான கேள்வி. அடர்ந்த சோலைக்காட்டில் கேமரா தோற்றுப்போகும். அங்கே இலை இடுக்கு வழியாகத் தரையைத் தொட்டுத் திரும்பும் லேசர் கருவி வேண்டும். லைடார் என்று பெயர். செலவு கூடுதல். ஆனால் சாலைக்காக வெட்டிய சரிவில் மரம் கிடையாது. தேயிலைத் தோட்டத்தில் அடர்காடு கிடையாது. பழைய சரிவின் தழும்பில், கல் நிரம்பிய ஓடையில் மறைக்க எதுவும் கிடையாது. கண்ணுக்குத் தெரிவதை முதலில் அளங்கள். தெரியாததற்கு லேசர் கொண்டுவாருங்கள்.

"மழை ஜாஸ்தி சார், இயற்கைச் சீற்றம், நாங்க என்ன பண்றது?" இது எல்லோரும் சொல்வது. 2009 நவம்பரில் நீலகிரியில் கொட்டிய மழையில் 40 பேருக்கு மேல் செத்தார்கள். மேட்டுப்பாளையம் - ஊட்டி சாலை பல இடங்களில் அறுந்தது. அப்போதும் இதைத்தான் சொன்னார்கள். தனுஷ்கோடிக்கும் கொச்சிக்கும் நடுவே ஓடும் நெடுஞ்சாலையில், மூணாறு கேப் ரோட்டை அகலப்படுத்தியபோது 2019-லும் 2020-லும் அடுத்தடுத்து மலை சரிந்தது. அப்போதும் மழைதான் குற்றவாளி. மழை வானத்திலிருந்து வருகிறது, ஒப்புக்கொள்கிறேன். மலையின் காலை வெட்டியது வானமா? ஷிரூரில் சாலைக்காகச் சரிவை வெட்டியதும் ஒரு காரணம் என்று அரசின் புவியியல் ஆய்வுத் துறையே சொன்னது. வெட்டுவதற்கு முன் எப்படி இருந்தது, வெட்டிய பிறகு வருடா வருடம் எப்படி மாறியது என்று அளந்த படம் இருந்தால், குற்றவாளி மழையா மனுஷனா என்று ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். படம் எடுக்காததற்கு அதுவும் ஒரு காரணமோ என்று எனக்குச் சந்தேகம்.

சரி, என்னதான் செய்ய வேண்டும்? நான் கேட்பது நான்கே நான்கு.

ஒன்று. மலையில் போகும் ஒவ்வொரு நெடுஞ்சாலைக்கும், சாலை ஓரத்தோடு நிற்காமல் மலை உச்சிவரை, மழைக்கு முன்னும் பின்னும் வருடத்துக்கு இரண்டு முறை அளக்கும் படம். ஏற்கெனவே மாதாமாதம் பறக்கச் சொன்ன டிரோன்தானே, கொஞ்சம் மேலே பார்க்கட்டும். வெறும் வீடியோ போதாது. தரை அடையாளங்களோடு, கழித்துப் பார்க்கிற மாதிரி முறையாக எடுக்க வேண்டும்.

இரண்டு. எங்கே மண் நகர்ந்திருக்கிறது என்ற அந்த வித்தியாசப் படத்தைப் பொதுவில் போட வேண்டும். கல்லூரி மாணவன் பார்க்கட்டும். எஸ்டேட் தொழிலாளி பார்க்கட்டும். பஸ் டிரைவர் பார்க்கட்டும். மலை நகர்வது ராணுவ ரகசியம் இல்லை.

மூன்று. சாலையை அகலப்படுத்தும் கான்ட்ராக்டில், வெட்டும் முன் எடுத்த படமும் வெட்டிய பின் ஐந்து வருடத்துப் படங்களும் கட்டாயம் என்று எழுத வேண்டும். படம் இல்லையென்றால் பில் இல்லை.

நான்கு. அந்தப் படத்தையும் மழை அளவையும் பார்த்து, 'இன்றைக்கு இந்தச் சாலையை மூடு' என்று சொல்லும் அதிகாரி யார் என்று பெயரோடு அறிவிக்க வேண்டும். அவர் மூடிய நாளில் மலை விழாமல் போனால், 'சும்மா மூடிட்டான்யா' என்று நாமும் அவரைத் திட்டக் கூடாது. லீவுக்குக் கிளம்பிய கார் திரும்பி வந்தால் ஒரு நாள் நஷ்டம். அவ்வளவுதான்.

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் மூணாறுக்கும் போகிறவர்கள் நாம். வளைவில் நிறுத்தி செல்போனில் பள்ளத்தாக்கைப் படமெடுக்கிறோம். முதுகுக்குப் பின்னால் இருக்கும் மலையை யாரும் எடுப்பதில்லை. நாம் எடுக்காவிட்டால் பரவாயில்லை, அது நம் வேலை இல்லை. அதற்குச் சம்பளம் வாங்குகிறவர்கள் எடுக்க வேண்டும். அடுத்த மழையில் மந்திரி குடையோடு வந்து நிற்கும்போது, நிருபர்கள் அவரிடம் நிவாரணத் தொகை எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்கட்டும்: "ஐயா, இந்த மலையின் போன வருடப் படம் கையில் இருக்கிறதா?"